பச்சைச் சட்டையோடு லாஸ் ஏஞ்சலிஸுக்கு

மே 29, 2010, சனி இரவு. பாஸ்டன்

பாஸ்டன் கூடைப்பந்து ரசிகர்கள், பரம எதிரியான லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸின் கோபி பிரயண்டுக்குக் கைதட்டினார்கள் என்று நாளைக்குச் சொன்னால் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். அதனால் இப்போதே எழுதி வைக்கிறேன். நார்த் ஸ்டேஷன் பக்கம் ஒரு பார். உள்ளே நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் எங்கள் ஊர் அணி செல்டிக்ஸின் பச்சை ஜெர்சி. டிவியில் ஓடியது செல்டிக்ஸ் ஆட்டம் இல்லை. லேக்கர்ஸும் ஃபீனிக்ஸ் சன்ஸும் மோதிய என்.பி.ஏ. லீக்கின் மேற்கு மண்டல இறுதியின் ஆறாவது ஆட்டம். இதில் வெல்கிற அணிதான் கிழக்கு மண்டலத்தை வென்ற அணியோடு கோப்பைக்கு மோதும். கடைசி நிமிடம், சன்ஸ் விடாமல் துரத்திக்கொண்டு வருகிறது. கிராண்ட் ஹில் முகத்துக்கு நேரே கையை நீட்டி மறைக்க, கோபி பின்னால் சாய்ந்தபடி எறிந்த பந்து வளையத்துக்குள் இறங்கியது. திரும்பி ஓடுகிற போக்கில், கோட்டோரம் நின்றிருந்த சன்ஸ் பயிற்சியாளர் ஆல்வின் ஜென்ட்ரியின் பின்பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். பாருக்குள் ஒரே கூச்சல். கோபிக்கு மொத்தம் 37 புள்ளி; லேக்கர்ஸ் 111-103.

நேற்று ராத்திரிதான் செல்டிக்ஸ் ஓர்லாண்டோ மேஜிக்கை 96-84 என்று முடித்துக் கிழக்கு மண்டலத்தை வாங்கியது. கடைசி நிமிடங்களில் கார்டன் அரங்கமே எழுந்து போட்ட கோஷத்தில் ஓர்லாண்டோவின் பெயரே இல்லை. "பீட் எல்.ஏ.! பீட் எல்.ஏ.!" லாஸ் ஏஞ்சலிஸை அடி என்று அர்த்தம். அந்த எல்.ஏ. அப்போது இறுதிக்கே வந்து சேரவில்லை. ஒருவேளை சன்ஸ் உள்ளே வந்து தொலைத்திருந்தால்? சன்ஸை 1976 இறுதியிலேயே வென்றாகிவிட்டது. மூன்று கூடுதல் நேரம் ஓடிய அந்த ஐந்தாவது ஆட்டம் பெரிய கதைதான். ஆனாலும் சன்ஸ் எதிரி இல்லை. வென்றால் கோப்பை கிடைக்கும், அவ்வளவுதான்.

இந்தக் கோஷம் பிறந்ததும் ஒரு தோல்வியில்தான். 1982, மே 23. பழைய பாஸ்டன் கார்டனில் மண்டல இறுதியின் ஏழாவது ஆட்டம். சொந்த மண்ணில் செல்டிக்ஸ் ஃபிலடெல்ஃபியாவிடம் அடி வாங்கிக்கொண்டிருக்கிறது (முடிவு 120-106). இனி மீள வழியில்லை என்று தெரிந்ததும் கூட்டம் ஃபிலடெல்ஃபியா ஆட்டக்காரர்களைப் பார்த்துக் கத்தியது: "பீட் எல்.ஏ.!" எங்களை அடித்துவிட்டீர்கள், சரி, போய் அவர்களையும் அடியுங்கள். ஃபிலடெல்ஃபியா போய் லேக்கர்ஸிடம் தோற்றது என்பது வேறு விஷயம்.

கணக்குப் பிடிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். 1959 முதல் இதுவரை இறுதித் தொடரில் செல்டிக்ஸும் லேக்கர்ஸும் 11 முறை மோதியிருக்கிறார்கள்; 9 முறை பாஸ்டன். கடைசியாக 2008ல், ஆறாவது ஆட்டம் 131-92. பாஸ்டன் கையில் மொத்தம் 17 கோப்பை, லேக்கர்ஸ் கையில் 15. அந்தப் பதினைந்தில் 5, அணி மினியாபொலிஸில் இருந்தபோது வாங்கியது. பாஸ்டனில் எந்த டாக்ஸிக்காரரிடம் கேட்டாலும் அந்த ஐந்தைக் கழித்துவிட்டுத்தான் சொல்வார்.

பாரை விட்டு வெளியே வருவதற்குள் கலிஃபோர்னியாவிலிருந்து மாமா மகன் போன். மதுரையில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள் நாங்கள். இங்கே வந்து அவன் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் செரிட்டோஸில் இறங்கி லேக்கர்ஸின் மஞ்சள் கட்சி, நான் பாஸ்டனில் இறங்கிப் பச்சைக் கட்சி.

"என்ன மாப்ள, எங்க ஊருக்கு வர்றியா, இல்ல பயந்துக்கிட்டு அங்கேயே இருந்துக்கிறியா?"

"வர்றேன்டா மச்சான். ரயில்ல வர்றேன்."

"ரயில்லயா? நீ வந்து சேர்றதுக்குள்ள சீரிஸே முடிஞ்சிரும்டா."

முடியாது. முதல் ஆட்டம் வியாழக்கிழமை. நாளை மதியம் பாஸ்டனில் ஏறினால் திங்கள் காலை சிகாகோ. அங்கே பிற்பகலில் வேறு ரயில் மாறினால் புதன் காலை லாஸ் ஏஞ்சலிஸ். விமானத்தில் 6 மணி நேரத்தில் போய் இறங்கிவிட்டு மீதி நாளெல்லாம் என்ன செய்வது? கொடியேறிய பிறகு தேர் ஓடும் நாள் வரை ஊர் ஒரு மாதிரி இருக்குமே, இந்த நாட்கள் அப்படி. அதை ஆபீசில் உட்கார்ந்து வீணாக்க மனசில்லை.

மே 30, ஞாயிறு. சிரக்யூஸைத் தாண்டி, ரயிலில்

காலையில் குவின்ஸி மார்க்கெட் போய், செல்டிக்ஸின் பழைய பயிற்சியாளர் ரெட் ஆவர்பாக்கிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். மனிதர் 2006ல் போய்ச் சேர்ந்துவிட்டார். வெண்கலத்தில் பெஞ்சு மேல் உட்கார்ந்திருக்கிறார், கையில் சுருட்டோடு. ஆட்டம் கைக்கு வந்துவிட்டது என்று தோன்றியதும், மணி அடிக்கும் முன்பே பெஞ்சில் உட்கார்ந்து சுருட்டைப் பற்றவைப்பது அவர் வழக்கம். எதிரணிக்கு எப்படி எரிந்திருக்கும்! பயிற்சியாளராக 9 கோப்பை. போன வருடம் லேக்கர்ஸின் ஃபில் ஜாக்ஸன் பத்தாவது வாங்கி அதைத் தாண்டினார். இன்று யாரோ ரெட்டின் கழுத்தில் பச்சைத் துண்டு போட்டிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுக்க வரிசை நின்றது.

லேக் ஷோர் லிமிடெட் ரயில் சவுத் ஸ்டேஷனிலிருந்து கிளம்பியது. நான் போட்டிருந்தது செல்டிக்ஸ் நட்சத்திரம் பால் பியர்ஸின் 34ஆம் எண் ஜெர்சி. டிக்கெட் பார்க்க வந்தவர் சட்டையைப் பார்த்தார், டிக்கெட்டில் லாஸ் ஏஞ்சலிஸ் என்றிருப்பதைப் பார்த்தார், "துணிச்சல்தான்" என்று சொல்லிவிட்டு ஓட்டை போட்டுக் கொடுத்தார்.

பிற்பகலில் ஸ்பிரிங்ஃபீல்டில் வண்டி நின்றது. இந்த விளையாட்டே பிறந்த ஊர். 1891 டிசம்பர். வெளியே பனி. ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் குளிர்காலத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் முரண்டு பிடித்த 18 மாணவர்கள். அவர்களுக்கு ஏதாவது விளையாட்டுக் கண்டுபிடி என்று ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்கிற கனடாக்காரரிடம் ஒப்படைத்தார்கள். அவர் பள்ளிக் காவலாளியிடம் கேட்டது இரண்டு பெட்டி. இருந்தது பீச் பழக்கூடை. அதை உடற்பயிற்சிக் கூடத்து மேல்தளக் கம்பியில் ஆணியடித்து மாட்டினார்கள். அந்தக் கம்பி தரையிலிருந்து 10 அடி. இன்றைக்கும் உலகம் முழுக்க வளையம் 10 அடியில்தான் இருக்கிறது. கோபி என்ன, எங்கள் கெவின் கார்னெட் என்ன, எல்லாரும் தாவுவது அந்தக் கம்பியின் உயரத்துக்குத்தான். பக்கத்துக்கு 9 பேர் ஆடிய முதல் ஆட்டம் 1-0 என்று முடிந்தது.

ஸ்பிரிங்ஃபீல்டுக்கும் நமக்கும் ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டு. சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை 1920ல் தொடங்கிய ஹாரி க்ரோ பக், இதே ஸ்பிரிங்ஃபீல்டு பள்ளியில் படித்துவிட்டு மதராசுக்கு வந்தவர். நம்மூர்ப் பள்ளிகளில் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நம்மை விரட்டிய பி.டி. மாஸ்டர்களின் குருபரம்பரையைப் பிடித்துக்கொண்டே போனால், பல பேருக்கு இந்த ஊரில் வந்து நிற்கும்.

பெர்க்‌ஷயர் மலை, ஆல்பனி, அப்புறம் இருட்டு. பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. சிரக்யூஸ் வந்தபோது மட்டும் எழுந்து போய்க் கதவருகே நின்றேன். ஏனென்றால் இந்த விளையாட்டை இரண்டாம் முறை பிறப்பித்த ஊர் இது, அதற்குக் காரணம் லேக்கர்ஸ். 1950 நவம்பர் 22, மினியாபொலிஸ். லேக்கர்ஸில் ஜார்ஜ் மைக்கன் என்கிற மலை. அந்த மலையோடு மோதி ஜெயிக்க முடியாது என்று ஃபோர்ட் வேய்ன் பிஸ்டன்ஸ் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றது. நேரம் கரைந்தது. முடிவு 19-18, பிஸ்டன்ஸ் வெற்றி. காசு கொடுத்து உள்ளே வந்தவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான் என்ற நிலை வந்தபோது, சிரக்யூஸ் அணியின் முதலாளி டேனி பயஸோன் ஒரு கணக்குப் போட்டார். ஆட்டம் 48 நிமிடம், அதாவது 2,880 விநாடி. நல்ல ஆட்டத்தில் இரு அணியும் சேர்ந்து 120 முறை கூடையை நோக்கி எறிகின்றன. வகுத்தால் 24. பந்து கைக்கு வந்தால் 24 விநாடிக்குள் எறிந்தாக வேண்டும். 1954ல் வந்த அந்தக் கடிகாரம் இல்லாவிட்டால் செல்டிக்ஸின் பில் ரஸ்ஸலும் இல்லை, லேக்கர்ஸின் மேஜிக் ஜான்ஸனும் இல்லை, நான் இந்த ரயிலிலும் இல்லை.

மே 31, திங்கள். சிகாகோ

விடியற்காலை மூன்றரை வாக்கில் க்ளீவ்லேண்ட். பிளாட்பாரத்தில் ஏறிய ஒரு பையன், க்ளீவ்லேண்ட் அணி நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸ் ஜெர்சியோடு வந்து எதிர் இருக்கையில் உட்கார்ந்தான். என் பச்சைச் சட்டையைப் பார்த்ததும் அவன் முகம் போன போக்கு! செல்டிக்ஸ்தான் இந்த மாதம் 13ஆம் தேதி க்ளீவ்லேண்டை வெளியே அனுப்பியது. அன்று லெப்ரான் 27 புள்ளி, 19 ரீபவுண்ட் (கூடைக்குள் விழாமல் திரும்பிய பந்தைப் பிடிப்பது), 10 அசிஸ்ட் (கூடை போடுகிறவருக்குப் பந்தைக் கொடுப்பது) எடுத்தும் தோற்றார். ஜூலையில் ஒப்பந்தம் முடிகிறது, அவர் ஊரிலேயே இருப்பாரா போவாரா என்பதுதான் அங்கே வீட்டுக்கு வீடு பேச்சாம். "இருப்பார்" என்றான் பையன், நான் கேட்காமலே. பிறகு தூங்கிப்போனான்.

சிகாகோவில் இறங்கினால் ஊரே சிவப்பு. கூடைப்பந்தைக் கேட்க நாதியில்லை. ஐஸ் ஹாக்கி ஸ்டான்லி கோப்பை இறுதி, இன்று மாலை இங்கே இரண்டாவது ஆட்டம். பிளாக்ஹாக்ஸ் கடைசியாகக் கோப்பை வாங்கியது 1961ல். ஆர்ட் இன்ஸ்டிட்யூட் வாசலில் நிற்கும் இரண்டு வெண்கலச் சிங்கத்துக்கும் பெரிய ஹாக்கி ஹெல்மெட் மாட்டிவிட்டிருந்தார்கள். எதிரணி ஃபிலடெல்ஃபியா. எங்கள் பாஸ்டன் புரூயின்ஸ் 3-0 என்று முன்னிலையில் இருந்து, அப்புறம் நான்கையும் தொடர்ந்து விட்டுக்கொடுத்ததே, அதே ஃபிலடெல்ஃபியாதான். ஆகவே காபி வாங்கின இடத்தில் சிவப்புச் சட்டைக்காரர்களோடு சேர்ந்து நானும் ஃபிலடெல்ஃபியாவைக் கொஞ்ச நேரம் திட்டினேன். பகையில் இப்படி ஒரு வசதி உண்டு, எந்த ஊரிலும் சொந்தக்காரன் கிடைப்பான்.

இன்று மெமோரியல் டே விடுமுறை. லேக்கர்ஸ்காரர்கள் மறக்க நினைக்கும் நாள். 1985ல் இறுதியின் முதல் ஆட்டம் இதே விடுமுறை நாளில் பாஸ்டனில் நடந்தது. செல்டிக்ஸ் 148, லேக்கர்ஸ் 114. ஸ்காட் வெட்மன் என்கிற மாற்று ஆட்டக்காரர் எறிந்த 11 பந்தும் கூடைக்குள். "மெமோரியல் டே படுகொலை" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். லேக்கர்ஸின் 38 வயது கரீம் அப்துல் ஜப்பார் கிழவனாகிவிட்டார், கதை முடிந்தது என்று எழுதினார்கள்.

பாஸ்டன்காரர்கள் கதையை இத்தோடு நிறுத்திவிடுவார்கள். நான் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். அடுத்த ஆட்டத்துக்குப் போகும் டீம் பஸ்ஸில் தன் அப்பாவையும் ஏற்றிக்கொள்ளலாமா என்று கரீம் கேட்டார். வெளியாட்களை ஏற்றாத பயிற்சியாளர் பாட் ரைலி, சரி என்றார். அன்று கரீம் 30 புள்ளி, 17 ரீபவுண்ட், 8 அசிஸ்ட். தொடரையே 4-2 என்று லேக்கர்ஸ் வென்றது, அதுவும் பாஸ்டன் கார்டன் தரையிலேயே. அதற்கு முன் மோதிய எட்டு இறுதியிலும் செல்டிக்ஸிடம் தோற்றிருந்த அணி.

இதை மச்சானிடம் போனில் சொன்னேன். "அப்ப ஒத்துக்கிறியா?" என்றான். ஒத்துக்கொள்ள என்ன இருக்கிறது, 9-2 என்ற கணக்கில் அந்த 2ல் ஒன்று அது.

ஜூன் 1, செவ்வாய். கான்சஸ், கொலராடோ, நியூ மெக்ஸிகோ

சௌத்வெஸ்ட் சீஃப் இரண்டு மாடி ரயில். நேற்று மாலை வெளிச்சத்தில் மிஸிஸிப்பியைக் கடந்தோம். கான்சஸ் சிட்டிக்கு அப்புறம் எல்லாரும் தூங்கியாயிற்று. நான் மட்டும் லாரன்ஸ் வரும் வரை விழித்திருந்தேன். நள்ளிரவை ஒட்டிய நேரம், சின்ன ஸ்டேஷன், ஓரிரு நிமிடம்தான். ஸ்பிரிங்ஃபீல்டில் கூடை மாட்டிய நெய்ஸ்மித் கடைசியில் வந்து சேர்ந்த ஊர் இது. கான்சஸ் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராக இருந்து, இங்கேயே 1939ல் இறந்து, இங்கேயே அடக்கமாகியிருக்கிறார். அவர் பயிற்சியில் அந்த அணி 55 ஆட்டம் வென்று 60 தோற்றது. அந்தப் பல்கலைக்கழகத்துப் பயிற்சியாளர்களில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம் உள்ள ஒரே ஆள், விளையாட்டைக் கண்டுபிடித்தவர்தான்! லேக்கர்ஸுக்குப் பின்னாளில் போன வில்ட் சேம்பர்லின் இங்கே படித்தவர். என் முதுகில் எண் எழுதியிருக்கும் பால் பியர்ஸும் இங்கே படித்தவர்.

காலையில் கண்ணாடிப் பெட்டி. சுற்றிலும் கண்ணாடி வைத்து, ஜன்னலைப் பார்த்தபடி நாற்காலி போட்டிருக்கும் பெட்டி அது. வெளியே கொலராடோவின் புல்வெளி. பக்கத்து நாற்காலியில் எழுபதைத் தாண்டிய கறுப்பினப் பெரியவர். பாஸ்டனின் ராக்ஸ்பரியில் பிறந்து வளர்ந்து, அங்கேயே பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அல்புகர்க்கியில் மகள் வீட்டுக்குப் போகிறார். நம்ம ஊர்க்காரர் கிடைத்தார் என்று நான் வாயைத் திறக்க, அவர் சொன்னார்: "நான் லேக்கர்ஸ், தம்பி."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அவர் நிதானமாகச் சொன்னார். 1974ல் பள்ளிகளில் நிறப் பாகுபாட்டை ஒழிக்க நீதிமன்றம் உத்தரவிட்டு, கறுப்பினப் பிள்ளைகளை வெள்ளையர் பேட்டைப் பள்ளிகளுக்கு பஸ்ஸில் அனுப்பியபோது, சவுத் பாஸ்டனில் அந்த பஸ்கள் மேல் கல் விழுந்தது. அதற்கு ஐந்தாறு வருடம் கழித்து செல்டிக்ஸுக்கு லேரி பேர்ட் வந்தார். பேர்ட், மெக்ஹேல், ஏஞ்ச் என்று பாஸ்டனின் நட்சத்திரங்களில் பாதிப் பேர் வெள்ளையர். அந்தப் பக்கம் லேக்கர்ஸில் மேஜிக் ஜான்ஸன், கரீம், வொர்த்தி. "எங்க தெருவுல பையன்கள் எந்தச் சட்டையை வாங்குவாங்கன்னு நீயே சொல்லு."

நான் விடவில்லை. 1964லேயே ஐந்து கறுப்பின ஆட்டக்காரர்களை ஒன்றாக முதலில் இறக்கியது ஆவர்பாக்தானே? 1966ல் பில் ரஸ்ஸலைப் பயிற்சியாளராக்கி, என்.பி.ஏ.வின் முதல் கறுப்பினப் பயிற்சியாளரைத் தந்தது செல்டிக்ஸ்தானே?

"அணி வேற, ஊர் வேற" என்றார். 13 வருடத்தில் 11 கோப்பை வாங்கித் தந்த ரஸ்ஸலின் வீட்டுக்குள் புகுந்து, அவர் வாங்கிய பரிசுகளை உடைத்து, படுக்கையில் மலம் கழித்துவிட்டுப் போனார்கள். அந்த வீடு பாஸ்டனுக்கு வெளியே ரீடிங்கில். இதை ரஸ்ஸலின் மகளே எழுதியிருக்கிறார், நானும் படித்திருக்கிறேன். படித்தது வேறு, அந்த ஊரிலேயே பஸ் ஓட்டியவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லும்போது கேட்பது வேறு.

"இப்ப இருக்கிற அணி?" என்று கேட்டேன். டாக் ரிவர்ஸ் பயிற்சியாளர், ராண்டோ, ரே ஆலன், பியர்ஸ், கார்னெட், பெர்கின்ஸ். "நல்ல பையன்கள். கார்னெட்டை ரொம்பப் பிடிக்கும்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா எதிர்ல லேக்கர்ஸ் நிக்கிறாங்களே" என்று சிரித்தார். ரேட்டன் கணவாய்ச் சுரங்கத்துக்குள் வண்டி நுழைந்தது. வெளியே வந்தபோது பேச்சு வேறு திசைக்குப் போயிருந்தது.

அவரிடம் நான் வாங்கிக்கொண்ட கதை 1969. அதை அவர் ரேடியோவில் கேட்டவர். லாஸ் ஏஞ்சலிஸ் ஃபோரம் அரங்கில் ஏழாவது ஆட்டம். லேக்கர்ஸ் முதலாளி ஜாக் கென்ட் குக் ஆயிரக்கணக்கில் பலூன் வாங்கிக் கூரையில் கட்டி வைத்துவிட்டார். லேக்கர்ஸ் ஜெயித்ததும் பலூன் கொட்டும், பேண்டு வாசிக்கும் என்று இருக்கைதோறும் காகிதம் வேறு. அதில் ஒன்று ரஸ்ஸல் கையில் சிக்கியது, அவர் அதைத் தன் ஆட்களுக்குக் காட்டினார். போதாதா? செல்டிக்ஸ் 108-106. லேக்கர்ஸின் ஜெர்ரி வெஸ்ட் அன்று 42 புள்ளி எடுத்தும் தோற்றார். இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதை அந்த வருடம்தான் தொடங்கினார்கள். அதைத் தோற்ற அணி ஆளான வெஸ்ட்டுக்கே கொடுத்தார்கள். இன்றுவரை தோற்ற அணியில் இருந்து அதை வாங்கிய ஒரே ஆள் அவர். பரிசாக ஒரு கார். கார் பச்சை நிறம்.

"பச்சை!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார் பெரியவர். செல்டிக்ஸிடம் மட்டும் ஆறு இறுதித் தொடரில் தோற்றவர் வெஸ்ட். பிறகு லேக்கர்ஸ் மேனேஜராக இருந்த காலத்தில், 1985ல் பாஸ்டனில் கோப்பையை வாங்கிய ஆட்டத்துக்குக்கூட அந்த ஊர்ப்பக்கம் போகாமல் இருந்துகொண்டார்.

அல்புகர்க்கியில் பெரியவரின் பெட்டியை இறக்கிக் கொடுத்தேன். மகளும் பேரனும் வந்திருந்தார்கள். பேரனின் சட்டையில் 24, கோபி. என்னைப் பார்த்து அந்தப் பொடியன் கட்டைவிரலைக் கீழே கவிழ்த்தான்.

ஜூன் 2, புதன். லாஸ் ஏஞ்சலிஸ்

யூனியன் ஸ்டேஷன் வாசலில் மச்சான் மஞ்சள் ஜெர்சியோடு நின்றான். கட்டிப்பிடித்துவிட்டு, "மேல ஒரு ஜாக்கெட்டைப் போட்டுக்கடா, என் கார்ல ஏறணும்ல" என்றான். போடவில்லை. ஃப்ரீவேயில் மூன்று காருக்கு ஒரு கார் ஜன்னலில் லேக்கர்ஸ் கொடி செருகிக்கொண்டு ஓடுகிறது. வேகத்தில் துணியின் ஓரம் நார் நாராகக் கிழிந்த கொடிகளும் உண்டு. ஏப்ரலில் செருகியவை போல.

நேரே இங்கிள்வுட் போகச் சொன்னேன். ஃபோரம் இப்போது ஒரு தேவாலயத்துக்குச் சொந்தம். பலூன் கட்டிய கூரையை வெளியே நின்றுதான் பார்த்தேன். இதன் அருகில் வளர்ந்த பையன்தான் பியர்ஸ். இங்கிள்வுட் உயர்நிலைப்பள்ளி மாணவன், சின்ன வயதில் முழு லேக்கர்ஸ் வெறியன், செல்டிக்ஸ் என்றாலே ஆகாது. அவனைப் பாஸ்டன் எடுத்துக்கொண்டது. 2008ல் இதே லேக்கர்ஸுக்கு எதிராகக் கோப்பையும், தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கினான். தெருமுனையில் தாக்கோ வாங்க நின்றபோது முன்னால் நின்ற பெரியவர் என் சட்டையை மேலும் கீழும் பார்த்தார். "பையன் எங்க பையன்தான். சட்டைதான் சரியில்ல" என்றார்.

சாயங்காலம் லேக்கர்ஸின் அரங்கமான ஸ்டேபிள்ஸ் சென்டர் வாசல். நாளைக்கு டிக்கெட் விற்கிற விலையில் நான் வந்த ரயிலிலேயே பல தடவை போய்விட்டு வரலாம், அதனால் வாசலோடு சரி. மேஜிக் ஜான்ஸன் சிலை பந்தைத் தட்டியபடி விரலை நீட்டி வழிகாட்டுகிறது. பக்கத்தில் புதுசாக, போன ஏப்ரலில்தான் வைத்த சிக் ஹெர்ன் சிலை. லேக்கர்ஸின் வர்ணனையாளர், தொடர்ந்து 3,338 ஆட்டங்களுக்குக் குரல் கொடுத்தவர். "ஸ்லாம் டங்க்" என்று நாம் சொல்கிறோமே, அது அவர் வாயிலிருந்து வந்தது. மேஜை, மைக், அவர் பக்கத்தில் ஒரு காலி நாற்காலி. யார் வேண்டுமானாலும் உட்காரலாம். நான் பச்சைச் சட்டையோடு உட்கார்ந்ததும் பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஊளையிட்டார்கள். ஒரு அம்மா தன் பிள்ளைகளைக் கொண்டுவந்து என்னோடு நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார். "நாளைக்கு ராத்திரி இந்த முகம் எப்படி இருக்கும்னு காட்டணும்" என்றார்.

ஜூன் 3, வியாழன். செரிட்டோஸ்

ஆட்டம் மாலை 6 மணிக்கு. காலை முதல் இந்த வீட்டில் வேறு பேச்சில்லை.

செல்டிக்ஸ் இங்கே வந்து இறங்கியதும் வெளியான கதை ஒன்று. பிப்ரவரியில் இதே ஸ்டேபிள்ஸில் 87-86 என்று ஜெயித்த ராத்திரி, டாக் ரிவர்ஸ் ஆட்டக்காரர், உதவியாளர் எல்லாரிடமும் தலைக்கு 100 டாலர் வசூல் செய்து, 2,600 டாலரை உடைமாற்றும் அறையின் கூரைப் பலகைக்கு மேலே மறைத்து வைத்தாராம். பணம் வேண்டுமென்றால் இறுதிக்கு வந்துதான் எடுக்க முடியும். செல்டிக்ஸ் அப்போது தடுமாறிக்கொண்டிருந்த அணி; கடைசியில் 50 வெற்றி, கிழக்கில் நான்காமிடம். யாரும் பொருட்டாகவே நினைக்கவில்லை. எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது. மச்சானுக்குப் பிடிக்கவில்லை. "அன்னிக்கு கோபி ஆடவே இல்லடா" என்கிறான். உண்மைதான், காயம்.

அவன் பக்கத்து ஆயுதம் இது: ஃபில் ஜாக்ஸன் அணி ஒரு தொடரின் முதல் ஆட்டத்தை ஜெயித்துவிட்டால் அந்தத் தொடரை இதுவரை தோற்றதில்லை. 47 தொடர், 47 வெற்றி. ஆக இன்றைக்கே பாதி முடிந்துவிடும் என்கிறான். என் பக்கத்து ஆயுதம்: ராண்டோ, ஆலன், பியர்ஸ், கார்னெட், பெர்கின்ஸ் ஐந்து பேரும் சேர்ந்து இறங்கிய எந்த ப்ளேஆஃப் (லீக் ஆட்டங்களுக்குப் பிறகு கோப்பைக்காக நடப்பது) தொடரையும் செல்டிக்ஸ் தோற்றதில்லை. போன வருடம் கார்னெட் முழங்காலால் ஆடவில்லை, அது கணக்கில் வராது. இன்று லேக்கர்ஸ் ஜெயித்தால் இரண்டு கணக்கில் ஒன்று உடைந்தே தீரும்.

நிஜமாகவே எனக்குக் கவலை பெர்கின்ஸ். இந்த ப்ளேஆஃபில் 6 டெக்னிக்கல் ஃபவுல் (மோசமான நடத்தைக்கு நடுவர் கொடுப்பது) வாங்கியாயிற்று; இன்னும் ஒன்று வாங்கினால் ஒரு ஆட்டம் தடை. நடுவரைப் பார்த்து முறைப்பதே அவருக்குச் சுபாவம். லேக்கர்ஸின் ரான் ஆர்டெஸ்ட் ஏழு ஆட்டமும் பியர்ஸின் மேல் பசையாக ஒட்டிக்கொண்டு வரப்போகிறார்; 2008ல் லேக்கர்ஸிடம் இப்படி ஒரு ஆள் இல்லை. அவர்களுடைய பைனமும் அப்போது ஆடவில்லை. இப்போது இருக்கிறார், ஆனால் முழங்காலில் கிழிசலோடு. என் கணிப்பு ஏழு ஆட்டம். யார் என்று சொல்ல மாட்டேன், சொன்னால் கண் பட்டுவிடும்.

மணி ஐந்தரை. ஊரிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருக்கும் மாமா சோபாவின் நட்ட நடுவில் உட்கார்ந்துகொண்டார். "இதுல நம்ம ஆளு யாரு மருமகனே?" என்கிறார். மகன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் சொல்ல, "அப்ப யாரு ஜெயிச்சாலும் எனக்கு லாபம்" என்று முடித்துவிட்டார். மச்சான் மனைவி மிளகாய் பஜ்ஜித் தட்டை வைத்துவிட்டு, "அண்ணே, நீங்க அந்த மூலை, அவரு இந்த மூலை. பிள்ளைங்க தூங்கின பிறகு யாரு கத்தினாலும் வெளியதான் படுக்கணும்" என்று சட்டம் போட்டிருக்கிறார்.

டிவியில் ஆட்டக்காரர்கள் வார்ம் அப் செய்கிறார்கள். கார்னெட் தலையைக் கூடைக் கம்பத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறார். செல்டிக்ஸ் ஜெயித்தால் இன்று ராத்திரியே எழுதுகிறேன். தோற்றால், ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ஆட்டம் முடியும் வரை என்னைத் தேடாதீர்கள்.